விரும்பினால் மட்டும்: சாக்சபோன் குழுக்களும் ஆர்கெஸ்ட்ரா இசையும்

சற்று நீண்ட பதிவு. இசை வரலாற்று மாணவர்களும், 'செவ்வியல்' என்னும் தகுதி எவ்வாறு வழங்கப்படுகிறது என்னும் கேள்வியில் ஈடுபாடுடையோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தம் 'சிம்ஃபோனியா டொமெஸ்டிகா' என்னும் படைப்பை 1903-ஆம் ஆண்டின் கடைசி நாளில் எழுதி முடித்தார். அடுத்த மார்ச் மாதம் நியூயார்க்கில் அவரே நடத்த, அது அரங்கேறியது. மிகப் பெரிய ஆர்கெஸ்ட்ராவைக் கோரும் அந்த இசைப்பிரதியின் கருவிப் பட்டியலில் நான்கு சாக்சபோன்கள் உள்ளன: 'சி' சுருதியில் சோப்ரானோ, 'எஃப்' சுருதியில் ஆல்டோ, 'எஃப்' சுருதியில் பாரிடோன், 'சி' சுருதியில் பாஸ். அவற்றுக்கு எதிரே இரண்டு சொற்களில் ஓர் இலத்தீன் குறிப்பு காணப்படுகிறது: 'ஆட் லிபிடம்'. விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லையேல் விட்டுவிடலாம் என்பது பொருள். அந்நான்கும் பெரும்பாலும் பிற கருவிகளின் சுரங்களையே இரட்டிப்பதால், நடத்துநர்கள் பொதுவாக விட்டுவிடுகின்றனர்.

அப்பட்டியலில் இன்னொரு விந்தையும் உண்டு. இன்று எங்கும் புழங்கும் சாக்சபோன்கள் 'பி-ஃபிளாட்', 'இ-ஃபிளாட்' சுருதிகளில் அமைந்தவை. ஆர்கெஸ்ட்ராவுக்கென 'சி', 'எஃப்' சுருதிகளில் ஒரு குடும்பம், இராணுவ வாத்தியக் குழுவுக்கென மற்றொரு குடும்பம் என இக்கருவி இரு கிளைகளாகவே பிறந்தது. முதற்கிளை ஏறத்தாழ முழுமையாக வழக்கொழிந்தது. ஆக, ஸ்ட்ராஸ் ஆர்கெஸ்ட்ராவுக்குள் சாக்சபோனை அழைத்தபோது, பேசுவோர் அருகிவிட்ட ஒரு கிளைமொழியில் அழைப்பிதழ் எழுதினார் என்றே சொல்ல வேண்டும்.

சாக்சபோன் ஜாஸ் இசையின் பிள்ளை, பின்னாளில் நாகரிகம் கற்றுக்கொண்டு செவ்வியல் அரங்கில் ஒண்டியது என்னும் கருத்து கற்றோரிடையேயும் பரவலாக உள்ளது. காலவரிசை அதற்கு நேர்மாறானது. சாக்சபோன் நால்வர் குழுவுக்கென ஒரு முழுப் படைப்பு எழுதப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே 'ஜாஸ்' என்னும் சொல் இசையின் பெயராகப் புழக்கத்துக்கு வந்தது. ஆர்கெஸ்ட்ரா இசையை வாசிக்கும் வேட்கை இக்கருவியின் பிறப்பிலேயே இருந்தது என்பதும், ஆர்கெஸ்ட்ரா கதவடைத்ததால் அவ்வேட்கை தன் குடும்பத்தைக் கொண்டே ஓர் ஆர்கெஸ்ட்ராவைக் கட்டிக்கொண்டது என்பதுமே நான் இங்கு முன்வைக்கும் வாதம்.

அடோல்ஃப் சாக்ஸ் 1814-இல் இன்றைய பெல்ஜியத்தின் தினான் நகரில் பிறந்தார். தந்தையும் இசைக்கருவி செய்பவர். பாஸ் கிளாரினெட்டைத் திருத்தியமைத்து இளமையிலேயே பெயர்பெற்ற மகன், 1842-இல் பாரிஸில் குடியேறினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இசையமைப்பாளர் பெர்லியோஸ் 'ஜூர்னல் தெ தெபா' இதழில் அவரது புதிய கருவியைப் பாராட்டி எழுதினார். 1846-இல் பெற்ற காப்புரிமையில் சாக்ஸ் தம் நோக்கத்தைத் தெளிவாகவே கூறுகிறார். குரலின் தன்மையில் தந்திக் கருவிகளை நெருங்கவேண்டும், வலிமையில் அவற்றை விஞ்சவேண்டும். வயலின் குடும்பத்தோடு தோளோடு தோள் நிற்கும் ஒரு காற்றுக்கருவிக் குடும்பம் என்பதே அவர் கனவு.

கருவியின் இயக்கமும் அதற்கேற்ப அமைந்தது. கிளாரினெட்டைப் போல ஒற்றைச் சீவாளி, ஆனால் உட்குழல் கூம்பு வடிவம். (நாகசுரத்தின் உட்குழலும் கூம்பே, சீவாளி மட்டும் இரட்டை.) நேர்குழலான கிளாரினெட்டில் மேல் ஒலிப்பகுதிக்குத் தாவும்போது சுரம் ஒரு ஸ்தாயியையும் தாண்டிச் செல்லும், ஆகவே மேலும் கீழும் விரல்நிலைகள் வேறுபடும். கூம்புக் குழலில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே செல்லும்; அதே விரல்நிலை மேலும் பயன்படும். அளவில் வேறுபட்ட எல்லாச் சாக்சபோன்களுக்கும் ஒரே விரல்நிலை, ஒரே எழுத்துமுறை. ஆல்டோ கற்றவர் பாரிடோனை எடுத்தாலும் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. ஒரே இலக்கணத்தைப் பகிரும் குடும்பம் என்னும் இப்பண்புதான் பின்னாளில் பெருங்குழுக்களைச் சாத்தியமாக்கியது.

1844 பிப்ரவரி 3 அன்று பாரிஸின் எர்ஸ் அரங்கில் பெர்லியோஸ் நடத்திய கச்சேரியில், சாக்ஸின் பட்டறையில் உருவான ஆறு காற்றுக்கருவிகள் சேர்ந்து ஒரு படைப்பை வாசித்தன. அவற்றுள் ஒன்று சாக்சபோன். வாசிக்கப்பட்டது 'ஷான் சாக்ரே', அதாவது பெர்லியோஸ் முன்னரே மனிதக் குரல்களுக்கென எழுதிய பாடல். அதை அவரே இக்கருவிகளுக்கு மாற்றி எழுதியிருந்தார். அந்தப் பிரதி இன்று கிடைக்கவில்லை. ஆயினும் அந்நிகழ்வு ஒன்றை உறுதிசெய்கிறது: கச்சேரி மேடையில் சாக்சபோன் தோன்றிய முதல் நிகழ்வுகளுள் ஒன்றிலேயே, அது வாசித்தது வேறு ஊடகத்துக்கென எழுதப்பட்ட இசையை. ஒரு கருவிக்கோ குரலுக்கோ எழுதப்பட்டதை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதுவதை, மொழிபெயர்ப்பு என்னும் சொல்லையொட்டி, இங்கு 'இசைப்பெயர்ப்பு' என்று குறிப்பிடுகிறேன். சாக்சபோனின் முதல் சொல் ஓர் இசைப்பெயர்ப்பாக இருந்தது.

ஆனால் புகழ்ந்த பெர்லியோஸே பின்னர்த் தம் ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளில் அக்கருவிக்கு இடம் தரவில்லை. பாரிஸின் பிற கருவி உற்பத்தியாளர்கள் சாக்ஸின் காப்புரிமைகளுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். அவரது பாஸ் கிளாரினெட்டை டோனிசெட்டி ஓர் ஓபராவில் சேர்க்க முனைந்தபோது ஆர்கெஸ்ட்ராக் கலைஞர்களே எதிர்த்து நின்றதாக வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்துள்ளனர். சாக்ஸ் 1852, 1873, 1877 என மும்முறை திவாலானார். ஒலியின் தரத்தை எவரும் பெரிதாகக் குறை கூறியதாகத் தெரியவில்லை. தொழிற்போட்டி, அரங்க அரசியல், ஏற்கெனவே அமர்ந்திருந்தோரின் அச்சம் ஆகியவையே தீர்மானித்தன. ஆர்கெஸ்ட்ராவின் உறுப்புகள் 'இயற்கையாக' அமைந்தவை என்று எண்ணுவோர் இப்பகுதியை மறுமுறை வாசிக்கலாம்.

ஆர்கெஸ்ட்ரா மறுத்ததை இராணுவம் தந்தது. 1845 ஏப்ரலில் பாரிஸின் ஷான் தெ மார்ஸ் திடலில், பழைய முறை வாத்தியக்குழுவுக்கும் சாக்ஸின் கருவிகள் கொண்ட குழுவுக்கும் வெளிப்படையான போட்டி நடந்தது. மக்கள் ஆரவாரம் சாக்ஸின் பக்கம் சாய, பிரெஞ்சுப் படையின் வாத்தியக்குழுக்கள் அவரது கருவிகளுடன் மாற்றியமைக்கப்பட்டன. 1848 புரட்சியில் அச்சலுகை பறிபோய், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் மீண்டது. இதன் விளைவு நெடியது. இராணுவக் கிளையான 'பி-ஃபிளாட்', 'இ-ஃபிளாட்' கருவிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. ஆர்கெஸ்ட்ராக் கிளைக்கு வாங்குவோர் இல்லை. இரண்டு கிளைமொழிகளில் எதற்குப் படைபலமும் சம்பளமும் வாய்த்ததோ அதுவே 'மொழி' ஆனது. மொழியியல் மாணவர்களுக்கு இது பழக்கமான கதை.

நம் நாட்டுக்குச் சாக்சபோன் வந்த வழிகளுள் ஒன்றும் இந்தப் பேண்டு வாத்திய வழியே என்பதை இங்குச் சொல்லிச் செல்லலாம். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை வாத்தியக்குழுவில்தான் இக்கருவியை முதலில் கேட்டு வசமானார். அவர் அதைக் கருநாடக இசைக்கு வளைத்தெடுத்த சாதனை தனிப்பதிவுக்குரியது. அவரது பாதை தனிக்குரலின் பாதை, இப்பதிவு பேசுவது கூட்டுக்குரல். ஆகவே பாரிஸுக்கே திரும்புகிறேன்.

1857-இல் பாரிஸ் இசைக் கல்விக்கூடத்தில் படைவீரர்களுக்கெனச் சாக்சபோன் வகுப்பு தொடங்கப்பட்டது. ஆசிரியர் சாக்ஸே. வகுப்புக்குப் பாடல்கள் வேண்டும். பழைய இலக்கியம் இல்லாத மொழிக்குப் பாடநூல் எழுதுவதைப் போன்ற நெருக்கடி அது. சாக்ஸ் தாமே பதிப்பாளராகி, நண்பர்களிடம் எழுதி வாங்கினார். அவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய வயலின் கலைஞர் ழான்-பதிஸ்த் சாங்ழெலே. அவர் அதே 1857-இல் எழுதிய 'முதல் நால்வர் இசை', சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் ஆகிய நான்கும் சேர்ந்த குழுவுக்கான முதல் முழுப் படைப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. நான்கு அங்கங்கள், தந்தி நால்வர் இசையின் கட்டமைப்பு. வயலின் கலைஞர் ஒருவர் தமக்குத் தெரிந்த வடிவத்தைப் புதிய குரல்களுக்கு மாற்றியிருக்கிறார் என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கும். ஹேடனின் நால்வர் இசைகளுக்கு நிகரென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றும் உலகெங்கும் மாணவர் குழுக்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன.

1870-இல் பிரஷ்யப் போர் மூண்டது. படைவீரர் வகுப்பு மூடப்பட்டது. அது மீண்டும் திறக்கப்பட்டது 1942-இல். இடைப்பட்ட எழுபத்திரண்டு ஆண்டுகளில் பாரிஸின் அந்தத் தலைமைக் கல்விக்கூடத்தில் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் தலைமுறை தலைமுறையாக ஆசிரிய மரபு வளர, சாக்சபோனுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. சாக்ஸ் 1894-இல் இறந்தார். இசையமைப்பாளர்கள் இடையிடையே அக்கருவியை விருந்தாளியாக அழைத்தனர். 1872-இல் பிசே 'லார்லேசியென்' இசையில் ஆல்டோவுக்கு அழகான பகுதி தந்தார். 1922-இல் ரவேல், முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சி ஓவியங்கள்' பியானோப் படைப்பை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது, 'பழைய கோட்டை' என்னும் பகுதியின் ஏக்கமிகு மெட்டை ஆல்டோ சாக்சபோனிடம் ஒப்படைத்தார். ஒரு மெட்டு, ஓர் இரவு, ஒரு கூலி. நிரந்தர இருக்கை என்ற பேச்சே எழவில்லை.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொன்று நிகழ்ந்தது. கில்மோரின் புகழ்பெற்ற வாத்தியக்குழுவில் எட்வர்டு லெஃபெப்ர் தலைமையில் 1870-களிலேயே ஒரு சாக்சபோன் நால்வர் குழு இயங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சிக்ஸ் பிரவுன் பிரதர்ஸ்' என்னும் அறுவர் குழு, கோமாளி வேடத்துடன் நகைச்சுவை மேடைகளில் சாக்சபோனைக் கொண்டாடிப் பெரும் மோகத்தைக் கிளப்பியது. அமெரிக்கா சாக்சபோன் வாங்கியதும் அதனால், சாக்சபோனைக் கேட்டுச் சிரிக்கப் பழகியதும் அதனால். அதன்பின் ஜாஸ் வந்தது. மகத்தான இசை அது. ஆனால் ஆர்கெஸ்ட்ரா நிர்வாகிகளின் கண்ணில் அது கதவை இன்னும் இறுக்கிச் சாத்த ஒரு காரணம் ஆயிற்று.

1928-இல் மார்செல் மூல் என்னும் இளைஞர், தாம் பணியாற்றிய 'கார்ட் ரெப்யுப்ளிக்கென்' என்னும் பிரெஞ்சு அரசுப் படையின் வாத்தியக்குழுவிலிருந்து மூவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நால்வர் குழு அமைத்தார். என் கணிப்பில், செவ்வியல் சாக்சபோனின் இரண்டாம் பிறப்பு இதுவே. வாசிக்கச் சொந்த இசை மிகக் குறைவு. மூல் தாமே பழைய ஆசிரியர்களின் படைப்புகளை நால்வருக்கு மாற்றி எழுதத் தொடங்கினார். மேடையில் அவை ஒலிக்கக் கேட்ட இசையமைப்பாளர்கள் பின்னர்ப் புதியன எழுதித் தந்தனர். பியெர்னே, ஃப்ளோரான் ஷ்மித், பொசா எனப் பட்டியல் நீளும். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டுகிறேன்: முதலில் பெயர்ப்பு, பிறகு மூலம். இசைப்பெயர்ப்பு இல்லையேல் அக்குழுவுக்குக் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லையேல் எழுதுவதற்கு எந்த இசையமைப்பாளருக்கும் தூண்டுதல் இல்லை.

மூலின் வாசிப்பில் இன்னொரு முரணும் உண்டு. தந்திக் கருவிகளை ஒத்த அவரது மென்மையான கமக அசைவு, பிரெஞ்சுச் செவ்வியல் பாணியின் அடையாளமாகவே பின்னாளில் கருதப்பட்டது. அதற்கான முதற்பயிற்சியை அவர் பெற்ற இடங்களுள் அன்றைய பாரிஸின் ஜாஸ் சார்ந்த நடன இசைக்குழுக்களும் அடங்கும். செவ்வியல் என்று நாம் போற்றும் குரலுக்குள் தெருவின் குரல் எவ்வளவு என்று அளந்து பிரித்தல் எளிதன்று.

1932-இல் அக்குழுவுக்கு வாய்த்தது கிளாசுனோவின் நால்வர் இசை. ரிம்ஸ்கி-கோர்சகோவின் மாணவர், பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்விக்கூடத்தை நெடுங்காலம் நடத்தியவர், எட்டு சிம்ஃபொனிகளை முடித்தவர், அப்போது பாரிஸில் புலம்பெயர் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இருந்தார். அவர் சாக்சபோனுக்கு ஆர்கெஸ்ட்ராக்காரரின் காதால் எழுதினார். நடு அங்கம் ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். அவற்றுள் ஒன்றின் தலைப்பு 'ஷூமன் பாணியில்', மற்றொன்றின் தலைப்பு 'ஷொபேன் பாணியில்'. சாக்சபோன் பிறந்து கேட்பார் கவனத்தைப் பெறுமுன் மறைந்தோர் அல்லது அதைப் பொருட்படுத்தாதோர் அவ்விருவரும். தனக்கு வாய்க்காத பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒரு கருவி பின்னோக்கிச் சென்று தனதாக்கிக்கொள்ளும் தருணம் என்றே அப்பக்கங்களை நான் வாசிக்கிறேன். 1942-இல் வகுப்பு மீண்டும் திறக்கப்பட்டபோது ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தவர் மூல்.

மற்றொரு பெரியவர் சீகுர்ட் ராஷர். 1907-இல் ஜெர்மனியில் பிறந்து, 1933-இல் நாடு நீங்கி, டென்மார்க், சுவீடன் வழியாக 1939-இல் அமெரிக்கா சேர்ந்தவர். கிளாசுனோவின் கான்செர்டோ அவருக்கென எழுதப்பட்டது. சாக்ஸ் வடிவமைத்த அகன்ற உட்குழலும் உருண்டைத் தன்மையும் கொண்ட ஒலியே உண்மையானது, பின்வந்த கூரிய ஒலி பிறழ்வு என்பது அவரது உறுதியான கொள்கை. மூலத் தூய்மைவாதம் எனக்குப் பொதுவாக உவப்பானதன்று. ஆனால் பலர் சேர்ந்து வாசிக்கும்போது அவர் பக்கத்தில் நியாயம் இருப்பதை மறுக்க இயலவில்லை. கூரிய ஒலிகள் பன்னிரண்டு சேர்ந்தால் இரைச்சல் மிகும். உருண்டை ஒலிகள் ஒன்றில் ஒன்று கரையும். 1969-இல் அவரும் மகள் கரினாவும் சேர்ந்து ராஷர் நால்வர் குழுவைத் தொடங்கினர். அக்குழுவுக்கென ஃபிலிப் கிளாஸ் 1995-இல் எழுதிய கான்செர்டோவை இருவகையிலும் வாசிக்கலாம்: ஆர்கெஸ்ட்ராவோடும் வாசிக்கலாம், நால்வர் மட்டுமாகவும் வாசிக்கலாம். இம்முறை 'விரும்பினால்' என்னும் நிபந்தனை ஆர்கெஸ்ட்ராவுக்கு.

நால்வர் பன்னிருவராகவும் அதற்கு மேலாகவும் பெருகியதற்குக் கலைக் காரணம் பாதி, நிறுவனக் காரணம் மீதி. 1953-இல் லாரி டீல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முழுநேரச் சாக்சபோன் ஆசிரியராக நியமிக்கப்பட்டார்; அதைத் தொடர்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சாக்சபோன் துறைகள் பரவின. ஓர் ஆசிரியரிடம் பதினைந்து, இருபது மாணவர். வயலின் மாணவர் பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் அமர்ந்து பீத்தோவனை உள்ளிருந்து கற்கிறார். ஒரு நடுக்குரல் எங்கே வழிவிட வேண்டும், எங்கே தாங்க வேண்டும் என்பது உள்ளிருந்தே கற்கத்தக்கது. சாக்சபோன் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பட்டம் பெறும் வரை பாக், மொசார்ட், பீத்தோவன் ஆகியோரை அவர் பார்வையாளர் இருக்கையிலிருந்தே அறிவார். பெருங்குழுவும் அதற்கான இசைப்பெயர்ப்புகளும் இந்தக் கல்வி இழப்பை ஈடுசெய்ய எழுந்தவை. பிரான்சில் ழான்-மாரி லொந்தெக்ஸ் 1977-இல் போர்தோ நகரில் பன்னிருவர் குழுவை நிறுவினார். அது புத்திசையையே பெரிதும் வளர்த்தது. ஜெர்மனியின் லோராக் நகரில் ராஷர் மரபில் ஒரு சாக்சபோன் ஆர்கெஸ்ட்ராவே இயங்குகிறது. காற்றுக்கருவிக் குழுக்கள் பள்ளிதோறும் வேரூன்றிய ஜப்பானில், ஒசாகாவின் மி-பெமோல் போன்ற குழுக்கள் முழு ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளைச் சாக்சபோன்களால் மட்டுமே நிகழ்த்துகின்றன.

இனி, இது எப்படி இயல்கிறது என்னும் கேள்வி. எல்லைகளைப் பாருங்கள். வயலினின் ஆகத் தாழ்ந்த சுரம் 'ஜி'. இன்றைய சோப்ரானோ சாக்சபோனின் தாழ்சுரம் அதற்கு ஓர் அரைச்சுரம் மேலே. வியோலாவின் தாழ்சுரம் 'சி'. ஆல்டோ சாக்சபோனின் தாழ்சுரம் அதற்கு ஓர் அரைச்சுரம் மேலே. செல்லோவும் பாரிடோனும் அவ்வாறே, ஓர் அரைச்சுர இடைவெளியில். பாரிடோனுக்குக் கூடுதலாக ஒரு சாவி பொருத்தினால் அந்த இடைவெளியும் மறைந்து, செல்லோவின் அடிச்சுரமே கிட்டும். தந்திக் குடும்பத்தின் நிழலைப் போல ஒரு காற்றுக்கருவிக் குடும்பம், அரைச்சுரம் மட்டும் விலகி நிற்கிறது. டபுள் பாஸின் ஆழத்தைப் பாஸ் சாக்சபோன் எட்டாது; அதற்குக் கான்ட்ராபாஸ் வேண்டும். ஆள் உயரத்தை மிஞ்சும் அக்கருவி நெடுங்காலம் காட்சிப்பொருளாகவே இருந்தது. மியூனிக்கின் பெனெடிக்ட் எப்பெல்ஸ்ஹைம் போன்ற கைவினைஞர்கள் அண்மைப் பதிற்றாண்டுகளில் அதை உண்மையில் வாசிக்கத்தக்கதாக்கினர்.

எல்லை பொருந்தினாலும் ஒலிநிறம் பொருந்துமா? இங்குதான் இசைப்பெயர்ப்பின் உண்மையான இடர் உள்ளது. ரவேலின் 'பொலேரோ'வை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழக் கால் மணிநேரம் ஒரே தாளம், இரண்டே மெட்டுகள். மாறுவது இரண்டு: ஒலியின் அளவும், மெட்டை ஏந்தும் கருவியின் நிறமும். புல்லாங்குழல், கிளாரினெட், பசூன், ஓபோ எனக் கைமாறிச் செல்கிறது மெட்டு. (சாக்சபோன்களும் வருகின்றன, ரவேல் கேட்ட 'எஃப்' சுருதிச் சோப்ரானினோ கிடைக்காமையால் அப்பகுதியைச் சோப்ரானோவில்தான் வாசிக்கின்றனர்.) இப்படைப்பைச் சாக்சபோன்களுக்கு மட்டும் மாற்றினால், நிறமாற்றம் என்னும் அச்சு முறிந்துவிடுகிறது. எஞ்சுவது ஒலி ஏற்றம் மட்டும். ஆயினும் குழுக்கள் அதை விரும்பி வாசிக்கின்றன. எனக்கு அது முக்கால்வாசிப் படைப்பாகவே கேட்கிறது.

ஆர்கெஸ்ட்ராவின் ஒலிநிறம் ஒலியன்களுக்கிடையிலான வேறுபாட்டைப் போன்று தொழிற்படுகிறது. இது இன்னார் குரல், அது இன்னார் குரல் என்று பிரித்துக்காட்டுவது அதுவே. ஒரு மொழியில் ஒரு வேறுபடுத்தும் கூறு அழியும்போது, பொருட்பேறு காக்கப்பட வேண்டுமாயின் அச்சுமையை வேறொரு கூறு ஏற்கும். பஞ்சாபி மொழி நல்ல சான்று. குதிரையைக் குறிக்கும் சொல்லின் முதல் மெய்யில் இந்தியில் இன்றும் ஒலிக்கும் மூச்சு, பஞ்சாபியில் மறைந்தது. அதற்கு ஈடாக அச்சொல் தாழ்தொனி பெற்றது. சாக்சபோன் குழுவிலும் இதுவே நிகழ்கிறது. நிறவேறுபாடு மறைந்த இடத்தில், ஸ்தாயி, நாக்கின் அழுத்தம், சுரத்தை முடிக்கும் விதம், கமக அசைவின் அகலம் ஆகியவை அச்சுமையைத் தாங்க வேண்டும். ஓபோவின் வரியை வாசிக்கும் சோப்ரானோ கலைஞர் அசைவைக் குறுக்கி ஒலியைக் கூராக்குகிறார். தந்தியை விரலால் மீட்டும் ஒலிக்குச் சீவாளியை நாவால் அறைந்து விடுவிக்கின்றனர். முடிவில்லா வில்வீச்சுக்கு, ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் தாங்கும்படி முறைவைக்கின்றனர். கூம்புக் குழலின் அடிச்சுரங்களை மெல்லொலியில் எழுப்புவதுதான் இன்றளவும் பெருந்துன்பம்.

இதனால் எந்தப் படைப்புகள் தேறும், எவை தேறா என்பதை ஓரளவு முன்னறியலாம். நிறத்தில் வாழும் டெபுஸியின் ஆர்கெஸ்ட்ராப் பக்கங்கள் இழப்பு மிகுந்தவை. குரல்களின் பின்னலில் வாழும் பாக் ஏறத்தாழ இழப்பின்றிக் கடக்கிறார். 'ஃபியூக் கலை' என்னும் அவரது இறுதிக்காலத் தொகுப்பில் இன்ன கருவிக்கு என்னும் குறிப்பே இல்லை. சாக்சபோன் நால்வர் குழுக்கள் அதைப் பதிவுசெய்திருப்பதில் உரிமை மீறல் எதுவும் இல்லை. கிரீகின் 'ஹோல்பெர்க்' தொகுப்பும் பார்பரின் 'அடாஜியோ'வும் இக்குழுக்களின் மேடைகளில் நிலைத்துவிட்டன. மூலத்துக்கு இரண்டகம் என முகஞ்சுளிப்போர் இரண்டு தேதிகளைப் பார்க்கலாம். 'ஹோல்பெர்க்' 1884-இல் பியானோவுக்கு எழுதப்பட்டு, மறு ஆண்டு கிரீகாலேயே தந்திக் குழுவுக்கு மாற்றப்பட்டது. 'அடாஜியோ' 1936-இல் தந்தி நால்வர் இசையின் ஓர் அங்கம். 1938-இல்தான் ஆர்கெஸ்ட்ரா வடிவில் ஒலித்தது. முசோர்க்ஸ்கியின் ஓவியங்களை முன்னரே கண்டோம். ஆர்கெஸ்ட்ராவின் செவ்வியல் களஞ்சியத்திலேயே இசைப்பெயர்ப்புகள் ஏராளம். ஆர்கெஸ்ட்ரா பெயர்த்தால் படைப்பாற்றல், சாக்சபோன் பெயர்த்தால் இரவல் என்னும் இரட்டை அளவுகோலுக்கு இசையியல் ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

கேட்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. சாங்ழெலேயின் முதல் நால்வர் இசையில் தொடங்கி, கிளாசுனோவின் நடு அங்கத்துக்குச் செல்லுங்கள். பிறகு 'ஹோல்பெர்க்' முதற்பகுதியைப் பியானோவிலும், தந்திக் குழுவிலும், சாக்சபோன் குழுவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தந்திகளின் ஓட்டத்தில் நடுக்குரல்களைத் தொடர்ந்து பிடிப்பது பழகாத செவிக்கு எளிதன்று. சாக்சபோன் வடிவில் டெனர் என்ன செய்கிறது என்பதை இரண்டாம் முறை கேட்கும்போதே தாளில் குறித்துவிடலாம்.